சென்ட்ரல் லைன்: டைலேட்டரைக் கையில் எடுக்கும் முன்

சென்னையில் முதுநிலை மருத்துவ மாணவர்கள் சென்ட்ரல் லைன் (கழுத்து போன்ற இடங்களில் பெரிய சிரைக்குள் செலுத்தும் குழாய்) போடப் பழகுவது பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான். 108-இல் வந்திறங்கியவருக்கு ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும், போடுகிறவருக்குக் கை வியர்த்துக்கொண்டிருக்கும்.

அந்த நேரத்தில் நடக்கும் முதல் தவறு, ரத்தத்தின் நிறத்தை நம்புவது. “கறுப்பாக வருகிறது, பீய்ச்சியடிக்கவில்லை, சிரைதான்” என்று முடிவுகட்டிவிடுகிறோம். அழுத்தமும் ஆக்சிஜனும் குறைந்தவரின் தமனி ரத்தமும் கறுத்துத்தான் இருக்கும், மெல்லத்தான் வடியும். நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். “டாக்டர், டிரான்ஸ்டியூசரில் மாட்டிப் பார்த்துவிடலாமே” என்றார் அருகில் நின்ற செவிலியர். அழுத்தத்தை அலையாகக் காட்டும் அந்தக் கருவியின் திரையில் ஓடியது தமனியின் அலை. உள்ளே இருந்தது வெறும் ஊசி என்பதால் உருவிவிட்டுப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்ததோடு போயிற்று.

குழாய்க்கு வழியை அகலப்படுத்தும் டைலேட்டர் போயிருந்தால் கதை வேறு. ஆகவே அதை எடுக்கும் முன், ஊசி வழியே விட்ட கைடு வயர் (குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி) சிரைக்குள்தான் கிடக்கிறதா என்று அல்ட்ராசவுண்டில் குறுக்காகவும் நெடுக்காகவும் பாருங்கள். பார்த்துத்தானே குத்தினோம் என்ற சமாதானம் வேண்டாம். சிரையின் பின்சுவரையும் துளைத்துக்கொண்டு ஊசி, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிக்குள் போவதுண்டு. தலையை அதிகம் திருப்பிவைத்தால் சிரை தமனியின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும், அபாயம் கூடும்.

அப்படியும் பெரிய குழாய் தமனிக்குள் போய்விட்டதா? பதற்றத்தில் உருவாதீர்கள். இதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. கழுத்தில் ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை நெரிக்கலாம், பக்கவாதமும் வரலாம். குழாயை அப்படியே விட்டு, அதன் வழியே எந்த மருந்தும் செலுத்தாமல், ரத்தநாள அறுவை மருத்துவரை அழையுங்கள். திட்டு விழும், விழட்டும்.

டைலேட்டரை அடிவரை திணிப்பதும் வேண்டாம். சிரை பெரும்பாலும் தோலுக்கு மிக அருகில்தான் இருக்கிறது. வயர் தடையின்றி முன்னும் பின்னும் நகராவிட்டால் நிறுத்துங்கள். டயாலிசிஸ் தேவைப்படக்கூடியவருக்குக் காறை எலும்பின் கீழுள்ள சிரையைத் தொடாதீர்கள். அது சுருங்கினால் அந்தக் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் சேர்க்கும் இணைப்பு) வைப்பது சிக்கலாகிவிடும்.

குழாயை எடுக்கும்போதும் கவனம் வேண்டும். காலையில் உட்கார்ந்து காபி குடிப்பவரிடமிருந்து அப்படியே உருவினால் துளை வழியே காற்று உள்ளே இழுக்கப்படும். படுக்கவைத்து, தலைப்பக்கம் தாழ்த்தி, அவர் மூச்சை வெளியே விடும்போது எடுங்கள். உடனே அழுத்திப் பிடித்து, காற்றுப் புகாத கட்டுப் போடுங்கள். காபி அதற்குப் பிறகு.