'டு'வா 'இங்'கா? முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்

பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் சேர்ந்த புதிதில் பார்ட்டிக்கு மெயில் போட்டேன்: 'வி ஸ்டாப்ட் டு லோட் த கண்டெய்னர்.' மழை பிடித்துக்கொண்டது, ஏற்றுவதை நிறுத்திவிட்டோம் என்பது நான் சொல்ல வந்தது. ஏற்றுவதற்காக நிறுத்தியிருக்கிறோம் என்பது அவர்கள் படித்தது. வேலை நடக்கிறது என்று நினைத்து அடுத்த லோடையும் அனுப்பிவிட்டார்கள். கொட்டுகிற மழையில் யார்டு வாசலில் ரெண்டாவது லாரி வந்து நின்றபோது மேனேஜர் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. 'ஸ்டாப்ட் லோடிங்' என்று எழுதியிருந்தால் தீர்ந்தது.

இப்போது ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் சாயங்காலம் நாலைந்து பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த வெர்புக்குப் பின்னால் வரும் வினைக்கு 'டு', எதற்குப் பின்னால் 'இங்' என்று நீளப் பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சொல்ல வந்ததைத் தமிழில் சொல்லச் சொல்வேன். கூட வரும் வினை போக, வர, வாங்க என்று 'அ'வில் முடிந்தால் பெரும்பாலும் 'டு'. போவதை, போய், போனது என்று வேறு மாதிரி வந்தால் பெரும்பாலும் 'இங்'.

வர மறுத்தான்: 'ரெஃப்யூஸ்ட் டு கம்'. வாங்க முடிவு செய்தோம்: 'டிசைடட் டு பை'. போவதைத் தவிர்த்தேன்: 'அவாய்டட் கோயிங்'. சாப்பிட்டு முடித்தேன்: 'ஃபினிஷ்ட் ஈட்டிங்'. பேசிக்கொண்டே இருந்தாள்: 'கெப்ட் டாக்கிங்'.

என் மெயிலைக் கவிழ்த்த 'ஸ்டாப்'பும் இதே கணக்குதான். அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட வண்டியை நிறுத்தினோம் என்றால் 'ஸ்டாப்ட் டு ஈட்'. வயிறு சரியில்லை, அத்தோ சாப்பிடுவதையே நிறுத்திவிட்டோம் என்றால் 'ஸ்டாப்ட் ஈட்டிங்'. கேஸை மூட மறந்தேன், 'ஃபர்காட் டு டர்ன் ஆஃப்'. மூடியது ஞாபகம் இருக்கிறது, 'ரிமெம்பர் டர்னிங் ஆஃப்'.

'ட்ரை'தான் பிள்ளைகளைக் குழப்பும். காசிமேட்டுப் பையன் ஒருவன், அப்பா போட்டில் போகிறவர். "என்ஜினை ஸ்டார்ட் பண்ண முயற்சி பண்ணோம், ஆகல சார். அப்புறம் ஃபில்டரை மாத்திப் பார்த்தோம்" என்றான். அதையே எழுதுடா என்றேன். ஸ்டார்ட் பண்ண என்பது 'அ'வில் முடிகிறது, 'ட்ரைட் டு ஸ்டார்ட்'. மாத்திப் பார்த்தோம் என்பது 'ட்ரைட் சேஞ்சிங்'. முன்னது முயற்சி, இங்கே கைகூடவில்லை. பின்னது, செய்தாகிவிட்டது, பலன் கிடைக்கிறதா என்று பார்ப்பது. தமிழில் இந்த 'பார்' எவ்வளவு வேலை செய்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, இந்த வழி காலை வாரும் இடங்களும் உண்டு. வருவதாக வாக்குக் கொடுத்தேன் என்போம், இங்கிலீஷில் 'ப்ராமிஸ்ட் டு கம்'. தூங்குவதுபோல் நடித்தான், 'ப்ரிடெண்டட் டு ஸ்லீப்'. 'ஹோப்'புக்கும் 'டு'தான். போக முடியும், போக விட்டார் இரண்டிலும் 'போக' என்று 'அ'வில் முடிந்தாலும் 'கேன்', 'லெட்' இரண்டுக்கும் பின்னால் 'டு' கிடையாது. கதவைத் திறக்க முடியுமா என்று பணிவாகக் கேட்கும் 'உட் யூ மைண்ட்' பின்னால் 'ஓப்பனிங்' வரும். இவற்றை மட்டும் நெட்டுரு போடுங்கள்.

ஆபீஸ் மெயில்களில் நான் தினமும் பார்க்கும் தப்பு 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ரிசீவ்'. அந்த 'டு' வேறு ஜாதி, நம் 'கு' உருபு மாதிரி. அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள்: 'டு யுவர் ரிப்ளை'. பொருந்துகிறதா? அப்படியானால் வினையும் பெயராக மாறித்தான் உட்கார வேண்டும், 'டு ரிசீவிங்'. 'யூஸ்ட் டு'வில் இரண்டு வகையும் உண்டு. எண்ணூர் நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்கக் கண்டெய்னர் லாரி ஓடும். அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகிவிட்டேன் என்றால் 'ஐ ஆம் யூஸ்ட் டு ஸ்லீப்பிங்'. முன்பெல்லாம் மொட்டை மாடியில் தூங்குவேன் என்றால், 'ஆம்' இல்லாமல், 'ஐ யூஸ்ட் டு ஸ்லீப்'.

'லைக்', 'ஸ்டார்ட்' இரண்டுக்கும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பாடப் பிடிக்கும், பாடுவது பிடிக்கும், எப்படிச் சொன்னாலும் யாரும் லாரி அனுப்பப் போவதில்லை.