ஷேர்எக்ஸ் போட்டதும் டிக் லேபிள்கள் சொன்னபடி கேட்கவில்லையா?

பைதானில் வரைபடம் வரைய உதவும் மேட்பிளாட்லிப்பில் ஆட்_சப்பிளாட் வைத்து இரண்டு படங்களை மேலும் கீழுமாக அடுக்குகிறீர்கள், கீழே இருப்பதற்கு ஷேர்எக்ஸ் கொடுத்து மேல் படத்தின் அச்சோடு சேர்த்துவிடுகிறீர்கள். மேலே அச்சில் எண்கள் (டிக் லேபிள்கள்) வேண்டாமே என்று அந்த ஒரு படத்துக்கு மட்டும் செட்_எக்ஸ்டிக்லேபிள்ஸில் காலி லிஸ்ட் போடுகிறீர்கள். ஓட்டிப் பார்த்தால் கீழேயும் எண்களைக் காணோம்! இதில் ஒரு மாலை முழுக்கத் தொலைத்தவன் நான். தப்பு டேட்டாவில்தான் என்று வேறு நம்பிக்கொண்டிருந்தேன்.

அச்சைப் பகிர்ந்தால் எல்லை, அதாவது அச்சு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது மட்டும் பொதுவாகும் என்று நினைப்பதுதான் சிக்கலே. லொக்கேட்டரும் ஃபார்மேட்டரும் சேர்ந்தே பொதுவாகின்றன. டிக் (அச்சில் வரும் சிறு கோடு) எங்கே விழும் என்பதை முடிவு செய்வது லொக்கேட்டர், அங்கே என்ன எழுதுவது என்பதை முடிவு செய்வது ஃபார்மேட்டர். காலி லிஸ்ட் கொடுத்தபோது நீங்கள் மாற்றியது அந்தப் பொது ஃபார்மேட்டரை. ஆனால் எழுத்து தெரிய வேண்டுமா, எவ்வளவு சாய வேண்டும், என்ன அளவு என்பதெல்லாம் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி. அதனால் மறைக்க வேண்டுமென்றால் டிக்_பாராம்ஸில் லேபிள்பாட்டத்தை ஃபால்ஸ் ஆக்குங்கள், பக்கத்துப் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

எல்லாப் படங்களையும் ஒரே தடவையில் கட்டம் கட்டமாக உருவாக்கும் சப்பிளாட்ஸ் ஃபங்ஷனில் ஷேர்எக்ஸ் ட்ரூ என்று கொடுத்தால் கதை தலைகீழ். கடைசி வரிசையைத் தவிர மற்ற லேபிள்களை அதுவே அணைத்துவிடும். 2 வரிசை, 3 நெடுவரிசை, ஆனால் வரைய இருப்பது 5 படம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது கட்டத்தை நீக்கிவிடுகிறீர்கள், அதற்கு மேலே இருக்கும் படம் லேபிளே இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. உடனே அதற்குக் கையால் லேபிள் எழுதப் போகாதீர்கள். அணைந்த லேபிள் அதனால் எரியாது, கீழ் வரிசையில் இருக்கும் இரண்டு படங்களின் லேபிள்தான் கெடும். அந்த ஒரு படத்துக்கு லேபிள்பாட்டத்தை ட்ரூ ஆக்கினால் போதும், ஒரே வரி.

அடுத்து, டிக் இடங்களையும் லேபிள்களையும் சேர்த்தே அமைக்கும் பிஎல்டி.எக்ஸ்டிக்ஸ். இதில் டிக் இடங்களாக 0, 5, 10 கொடுத்து, கூடவே ரொட்டேஷன் 45 என்றும் கொடுத்துப் பாருங்கள். இடங்கள் எல்லாப் படத்திலும் மாறியிருக்கும், சாய்வு மட்டும் கடைசியாக உருவான படத்தில்தான் இருக்கும். ஒரே அழைப்பில் பாதி ஊருக்கு, பாதி ஒருத்தருக்கு! எல்லாமே சாய வேண்டுமென்றால் எல்லாப் படங்களையும் வரிசையாகத் தரும் ஆக்ஸஸ்.ஃபிளாட் மேல் ஒரு ஃபார் லூப் விட்டு, ஒவ்வொன்றுக்கும் டிக்_பாராம்ஸில் லேபிள்ரொட்டேஷன் கொடுங்கள். தேதி அச்சு என்றால் ஆட்டோஃபெம்ட்_எக்ஸ்டேட் இருக்கிறது, அது 30 டிகிரி சாய்த்து, கீழ் வரிசை தவிர மற்றதை மறைத்தும் விடும்.

எனக்கு மிகவும் பயம் தருவது இன்னொன்று, ஏனென்றால் இதில் படம் அழகாகவே வரும், ஆனால் பொய் சொல்லும். மேல் படத்தின் டேட்டா 0 முதல் 10 வரை. டிக் இடங்களை நிலைப்படுத்தாமல் லேபிள்களை மட்டும் கையால் எழுதிவிடுகிறீர்கள். அப்புறம் கீழ்ப் படத்தில் 100 வரை போகும் டேட்டா வருகிறது, பொது எல்லை விரிகிறது, டிக்குகள் நகர்கின்றன, நீங்கள் எழுதிய லேபிள்கள் மட்டும் பழைய வரிசையிலேயே உட்கார்ந்திருக்கின்றன. 3.3 பதிப்பிலிருந்து இதற்கு எச்சரிக்கை வருகிறது, நாம்தான் அதைப் படிப்பதில்லை. முதலில் செட்_எக்ஸ்டிக்ஸால் டிக் இடங்களை நிலைப்படுத்துங்கள், அப்புறம்தான் லேபிள். அதைவிட, ஃபங்க்ஃபார்மேட்டர் எழுதிக்கொள்வது நல்லது; டிக் எங்கே போனாலும் அந்த இடத்து மதிப்பிலிருந்தே எழுத்து வரும்.

அச்சுகள் பகிரப்படாதபோது இதற்கு நேரெதிர் தவறு ஒன்று நடக்கும். லூப்புக்கு வெளியே ஒரே ஒரு லொக்கேட்டரை உருவாக்கி எல்லா அச்சுக்கும் அதையே மாட்டிவிடுவோம். லொக்கேட்டர், தான் எந்த அச்சைச் சேர்ந்தது என்பதை நினைவில் வைத்திருக்கும் பொருள், அதனால் லூப்புக்குள் ஒவ்வொரு தடவையும் புதிதாக உருவாக்க வேண்டும். ஃபார்மேட்டருக்கும் அப்படியே.

சரி, எல்லை ஒன்றாக இருக்க வேண்டும், ஆனால் மேலே நொடி, கீழே நிமிடம் என்று காட்ட வேண்டும் என்றால்? ஷேர்எக்ஸோடு மல்லுக்கட்டாதீர்கள். பகிராமல் வரைந்து இரண்டுக்கும் ஒரே செட்_எக்ஸ்லிம் கொடுங்கள். ஒரே படத்தில் இரண்டு அலகும் போதுமென்றால் செகண்டரி_எக்ஸாக்ஸிஸ் அதற்கென்றே இருக்கிறது.