ஸ்டாப் பிரஸ்: பத்திரிகைச் செய்தி டெஸ்க்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஓடுகிற மெஷினை நிறுத்து, ஒரு செய்தி உள்ளே போகணும். 'ஸ்டாப் பிரஸ்' என்றால் இவ்வளவுதான். இங்கிலாந்துப் பத்திரிகைகளில் இதற்கென்றே ஒரு பத்தியைக் காலியாக விட்டிருப்பார்கள். கடைசி நேரச் செய்தியை எழுத்துக் கோத்த சின்னப் பெட்டியை மெஷினில் மாட்டினால் அந்த இடத்தில் மட்டும் அச்சாகும். பெட்டிக்குப் பெயர் 'ஃபட்ஜ்'. பக்கம் முழுவதையும் பிளேட்டில் (தகட்டில்) எடுத்து அச்சடிக்கும் ஆஃப்செட் வந்ததும் பெட்டி போய்விட்டது, பேச்சு மட்டும் மிச்சம்.

சரி, இரவு 12 மணி. பாபநாசம் அணையில் உபரிநீர் திறப்பு என்று நிருபர் போன் செய்கிறார்.

படி 1: உறுதி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தது கணக்கில் வராது. எத்தனை கன அடி, எத்தனை மணிக்கு என்று கலெக்டர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள்.

படி 2: மெஷின் அறைக்குப் பேசுங்கள். "அண்ணாச்சி, எந்த எடிஷன் ஓடுது?" வெளியூருக்கு முதலில் ஓடுவது டாக் எடிஷன், கடைசியில் சிட்டி. "டாக் போயிட்டு தம்பி, சிட்டி இன்னும் ஏறல" என்றால் நிறுத்தும் வேலையே இல்லை, பக்கத்தை மாற்றினால் போதும். டாக் ஓடிக்கொண்டிருந்தால்தான் யோசிக்க வேண்டும். இந்தத் தண்ணீர் திருநெல்வேலிக்கு முன்னாலேயே தொடுவது கல்லிடைக்குறிச்சியையும் சேரன்மகாதேவியையும். அங்கே போவது டாக். என்னைக் கேட்டால் இதற்கு நிறுத்தலாம். நடிகர் கல்யாணத்துக்கு வேண்டாம்.

படி 3: இடம் பிடியுங்கள். இடம் நிரப்பப் போட்ட 8 வரித் துணுக்கை, அதாவது ஃபில்லரை, எடுத்தால் 8 வரிதான் எழுத வேண்டும். வண்ணப் பக்கத்துக்கு 4 பிளேட்: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. எடுப்பதும் வைப்பதும் வெறும் கறுப்பு எழுத்து என்றால் கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றலாம், நேரம் மிச்சம். நான் பயிற்சியில் இருந்தபோது வண்ணப்படம் போட்ட செய்தியைத் தூக்கிவிட்டு, கறுப்பு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். என் விபத்துச் செய்திக்குப் பின்னால் ஒரு கட்சிக்காரர் மஞ்சளும் நீலமுமாகக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். கட்டுக்கட்டாக எடைக்குப் போனது.

படி 4: புது பிளேட் ஏறியதும் வரும் முதல் தாளைக் கையில் வாங்கிப் படியுங்கள். கன அடியில் ஒரு சைபர் கூடியிருக்கும். அப்புறம், எடுத்த செய்திக்கு '7-ம் பக்கம் பார்க்க' என்று இருந்ததா? அந்தத் தொடர்ச்சி அங்கே அநாதையாகக் கிடக்கும். நீங்கள் சரி சொல்லும்வரை அண்ணாச்சி வேகம் கூட்டமாட்டார். வாசலில் வேன் டிரைவர் ஹாரன் அடித்தாலும்.