மூக்கு அலர்ஜி உங்க வாரத்தை எவ்வளவு கெடுக்குது? ஸ்கோர் போட்டுப் பார்ப்பது எப்படி

அல்சூர்ல இருக்கிற எங்க அத்தைகிட்ட டாக்டர் "எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டா, "பரவாயில்ல டாக்டர்"னு முடிச்சிடுவாங்க. ஆனா ராத்திரி பூரா வாயாலதான் மூச்சு விட்டிருப்பாங்க. பெங்களூருல தும்மலை யாரும் நோயா மதிக்கிறதில்ல, "இந்த ஊர் கிளைமேட் அப்படித்தான்"னு போயிடுவாங்க. அத்தைக்காகத்தான் இந்தக் கணக்கைக் கத்துக்கிட்டேன்.

இந்த ஸ்கோர் போடுற கேள்வித்தாளோட பேர் ஆர்க்யூஎல்க்யூ (RQLQ), அதாவது மூக்கு, கண் அலர்ஜி நம்ம அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்குதுன்னு கேட்கிற தாள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல எலிசபெத் ஜூனிப்பரும் கார்டன் கயாட்டும் உருவாக்கி 1991-ல் வெளியிட்டது. மொத்தம் 28 கேள்வி. தூக்கம், மூக்கு, கண், மனநிலை மாதிரி 7 பிரிவு. போன ஒரு வாரத்தை மட்டும் நினைச்சு, ஒவ்வொண்ணுக்கும் 0-லேர்ந்து 6 வரை போடணும். 0-ன்னா தொந்தரவே இல்ல, 6-ன்னா தாங்க முடியல. அதாவது மார்க் குறைஞ்சாத்தான் பாஸ்!

படி 1: மூணு வேலையைத் தேர்ந்தெடுங்க

இங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. மூக்கு, கண் தொந்தரவால எந்த வேலை கஷ்டமாச்சோ, அதுல முக்கியமான மூணை நாமதான் சொல்லணும். அத்தைகிட்ட கேட்டா "எல்லா வேலையும்தான்டா". அது பத்தாது. கடைசியில வாசல் பெருக்கிக் கோலம் போடுறது, பீரோ மேல தூசி தட்டுறது, சாயங்காலம் ஏரிப் பக்கம் நடக்கிறதுன்னு வந்து நின்னாங்க.

அடுத்த தடவையும் அதே மூணுக்குத்தான் மார்க் போடணும். மாத்தினா ரெண்டு ஸ்கோரையும் ஒப்பிடவே முடியாது. அதனால வாரா வாரம் செய்யுற வேலையா எடுங்க. பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கிறதை எழுதி வச்சா, மார்ச்ல அதுக்கு என்ன மார்க் போடுவீங்க?

படி 2: அவங்களே நிரப்பட்டும்

பக்கத்துல உக்காந்து "நேத்து தும்மினீங்களே"ன்னு எடுத்துக் கொடுக்காதீங்க. ஆப் எல்லாம் வேண்டாம்னுதான் நான் சொல்வேன். பேப்பரும் பென்சிலும் போதும்.

படி 3: கணக்கு

28 மார்க்கையும் கூட்டி 28-ஆல வகுங்க. ஏழு பிரிவோட சராசரிக்கு மறுபடி ஒரு சராசரி எடுக்கக் கூடாது. பிரிவுகள்ல கேள்விகளோட எண்ணிக்கை ஒண்ணா இல்ல, விடை மாறிடும். அத்தைக்கு முதல்ல கூட்டுத்தொகை 84, அதாவது 3.0. ரெண்டாவது தடவை போட்டப்போ 61, அதாவது 2.18.

கூகுள் ஷீட்ஸ்ல போடுறவங்களுக்கு: காலியா விட்ட கட்டத்தை ஆவரேஜ் ஃபார்முலா கணக்குல சேர்க்காது, 0 போட்டா சேர்த்துக்கும். பதில் சொல்லாத கேள்விக்கு 0 தட்டிட்டா, நோயாளி திடீர்னு குணமான மாதிரி தெரியும்.

படி 4: வித்தியாசத்தைப் படிங்க

0.5 அல்லது அதுக்கு மேல மாறினாத்தான் நோயாளிக்கே உணர்ற அளவு மாற்றம்னு எடுத்துக்கிறாங்க. அத்தைக்குக் குறைஞ்சது 0.82. மொத்த ஸ்கோரோட நிறுத்தாம பிரிவையும் பாருங்க. அவங்களுக்குத் தூக்கப் பிரிவோட மார்க்தான் நல்லா இறங்கியிருந்தது, கண் அரிப்பு அப்படியே இருந்தது. டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியது அதைத்தான்.

மூக்குல அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரே முழுசா வேலை செய்ய நாளாகும். ரெண்டாம் நாளே ஸ்கோர் எடுத்துட்டு "தண்டம்"னு தூக்கிப் போடாதீங்க. செட்டிரிசின்ங்கிற அலர்ஜி மாத்திரை போடுறவங்க அதையும் ஓரமா எழுதி வைங்க. அசதி நோயாலயா மாத்திரையாலயான்னு அப்பத்தான் யோசிக்க முடியும்.

பிற்சேர்க்கை: 28 கேள்வி ரொம்ப நீளம்னு சிலர் சொன்னாங்க. 14 கேள்வியோட மினி வடிவம் இருக்கு, ஆனா அதுல 0.5 இல்ல, 0.7 மாறணும். ரெண்டையும் கலந்து ஒப்பிடாதீங்க. இந்தக் கேள்வித்தாள்களுக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) உண்டு, அதனாலதான் கேள்விகளை இங்க போடல. தீசிஸுக்கு எடுக்கிற மாணவர்கள் முதல்ல அனுமதி வாங்கிடுங்க. 6 முதல் 12 வயசுப் பிள்ளைகளுக்கு 23 கேள்வியோட தனி வடிவம் இருக்கு. அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது பிள்ளை, அம்மா இல்ல.