செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை: பழைய டீசல் வண்டியில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டு டீசல் ஜீப்புக்கு முப்பது வயது நெருங்குகிறது. இரண்டு வருடம் முன்பு, மார்கழியில் ஒரு விடிகாலை அம்மாவைத் திருவாரூரில் டாக்டரிடம் காட்டக் கிளம்பினோம். சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் எடுக்கவில்லை. விடாமல் அடித்து அடித்துப் பேட்டரியைத் தீர்த்தேன். தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளிப் பார்த்தோம். கடைசியில் அம்மா ஆட்டோவில்தான் போனார்.

அன்று வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: பனி, அதோடு டீசல் பம்பு போய்விட்டது. பம்பைக் கழற்றிக் கடையில் கொடுத்தேன். ஐந்து நாள் கழித்து வந்தது. மாட்டிய அன்று வண்டி எடுத்தது, மறுநாள் காலை பழையபடி நின்றது.

அப்புறம் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். பானட்டைத் திறக்கும் முன்பே, "தம்பி, செல்ஃப் அடிக்கிறப்ப சைலன்சர்ல புகை வருதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அத்தனை நாளில் ஒருவரும் வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. அவர் சொன்னபடி பார்த்தோம், துளிப் புகை இல்லை. "அப்ப உள்ள டீசலே போகலை. பம்பை ஏன் தம்பி கழட்டினீங்க?" என்றார். டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் மயிரிழை போல ஒரு வெடிப்பு இருந்தது. அரை அடி ஹோஸும் இரண்டு கிளிப்பும் மாற்றியதோடு சரியாகிவிட்டது.

அந்த ஒரு கேள்வியைத்தான் டெல்டாவில் பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் எல்லோரிடமும் சொல்ல நினைக்கிறேன். கம்ப்யூட்டர் இல்லாத, டீசலைத் தள்ளும் பம்பும் அதைத் தெளிக்கும் நாசிலுமாக ஓடும் பழைய வண்டிகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். கம்ப்யூட்டரோடு வரும் புது வகையான காமன் ரெயில் வண்டியில் டீசல் லைனைக் கையால் தொடவே கூடாது. அதன் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பனியின் மேல் பழி போடுவது

டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை இருபது மடங்கு அளவுக்கு அமுக்குகிறது. அந்த அமுக்கத்தில் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அதில் நாசில் டீசலைத் தெளிக்க, தானே பற்றிக்கொள்கிறது. ஆக, வண்டி எடுக்க மூன்று விஷயம் வேண்டும். செல்ஃப் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், கம்ப்ரஷன் (காற்று அமுங்கும் வலு) இருக்க வேண்டும், காற்றுக் கலக்காத டீசல் சரியான நேரத்தில் வர வேண்டும்.

நம் பக்கத்தில் மார்கழி விடிகாலையிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நல்ல நிலையில் உள்ள டீசல் இன்ஜினுக்கு இது ஒரு குளிரே கிடையாது. ஊட்டியில் ஒருவர் பனியைச் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். தஞ்சாவூரிலும் மயிலாடுதுறையிலும் காலையில் வண்டி எடுக்கவில்லை என்றால், அந்த மூன்றில் ஏதோ ஒன்று குறைகிறது என்று அர்த்தம். பனி என்று சொல்லித் தள்ளிப்போட்டால் தை பிறந்து அறுப்பு நேரத்தில் வண்டி நடுவழியில் நிற்கும்.

இன்ஜினை உள்ளே சூடேற்றிக் கொடுக்கும் ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் மட்டும் ஒரு விதிவிலக்கு. அந்த மாதிரி இன்ஜினில் டீசல் முதலில் ஒரு சின்ன அறைக்குள் தெளிக்கப்படுகிறது. அந்த அறையின் சுவர் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், நம் ஊரிலும் காலையில் ஹீட்டர் பிளக் தேவை. டிராக்டர் மாதிரி நேரடியாகத் தெளிக்கும் இன்ஜின்கள் பலவற்றில் அது கிடையவே கிடையாது. உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிளக்கைச் சோதிப்பது எளிது. எல்லாவற்றையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பிளக் தலையிலும் வைத்தால், நல்ல பிளக் லாம்பை எரியவிடும். அறுந்துபோன பிளக்கில் எரியாது.

சொட்டினால்தான் ஓட்டை என்று நினைப்பது

செல்ஃப் அடிக்கும்போது புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. முதலில் இன்ஜினை நிறுத்தும் கேபிள் இழுத்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். சாவியில் நிற்கும் வண்டி என்றால், சாவியைப் போடும்போது பம்பில் டீசலைத் திறந்து மூடும் சொலினாய்டில் 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். இவை இரண்டும் சரி என்றால் அடுத்த சந்தேகம் காற்று.

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்து, எங்கேயும் டீசல் சொட்டவில்லை, லைன் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்பு (டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்னப் பம்பு) வரை உள்ள லைனில் டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அந்தப் பகுதியில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். ராத்திரி முழுக்க அந்தக் காற்று ஏறி, லைனில் நின்ற டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் எடுக்காத வண்டி, கையால் பம்பு அடித்து ஏர் எடுத்ததும் (லைனில் சிக்கிய காற்றை வெளியே விட்டதும்) ஓடுகிறது, மதியம் ஒரே அடியில் எடுக்கிறது, மறுநாள் காலை திரும்பவும் எடுக்கவில்லை என்றால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. சுத்தமான டீசலை ஒரு கேனில் ஊற்றி, பம்பைவிட உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு ஹோஸை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். ஏர் எடுத்துவிட்டு ராத்திரி அப்படியே விடுங்கள். காலையில் ஒரே அடியில் எடுத்தால் கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில்தான் இருக்கிறது. அப்படியும் எடுக்கவில்லை என்றால்தான் பம்பைப் பற்றிப் பேச வேண்டும். பம்பு கடைக்குப் போவதற்கு முன் இந்த ஒரு ராத்திரியைச் செலவழித்துப் பார்த்துவிடுங்கள்.

ஃபில்டர் மாற்றும்போது பழைய செம்பு வாஷரையே திரும்பப் போடுவதும் காற்று ஏறக் காரணம். ஒரு முறை இறுக்கிய வாஷர் நசுங்கி வடிவம் மாறியிருக்கும். புதிது சில ரூபாய்தான்.

விடாமல் அடிப்பது, பெட்ரோல் தெளிப்பது

செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். இடையில் அரை நிமிடமாவது விடுங்கள். அது அவ்வளவு பெரிய கரண்டை இழுக்கிறது, சூடும் அவ்வளவு வேகமாக ஏறும். செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் உடனே பேட்டரி வாங்க ஓடாமல் டெர்மினலையும் எர்த் வயரையும் பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் எர்த் வயரின் அடி நுனி வெளியே தெரியாமலே அரித்துப்போகும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே நன்றாக இறங்கினால்தான் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். பேட்டரியில் வோல்ட் இருந்தும் செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் வயர்தான்.

காற்று இழுக்கும் வாயில் பெட்ரோல் துணியைக் காட்டுவதையும், ஸ்ப்ரே அடிப்பதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும் இன்ஜினில் அது பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடிக்கும். பிஸ்டன் ரிங்கு உடையும், பிஸ்டனும் போகும். காற்றுப் பிடித்த லைனுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

புகையின் நிறத்தைப் படிக்காமல் பட்டறைக்குப் போவது

எடுக்காத வண்டியில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், டைமிங் (டீசல் தெளிக்கும் நேரம்) என்று அந்த வரிசையில் பாருங்கள். எடுத்த பிறகும் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகையோடு இன்ஜின் நொண்டினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. மார்கழிக் காலையில் சைலன்சர் நுனியில் தோன்றி உடனே கரையும் வெள்ளை வெறும் நீராவி, அதற்குப் பயப்பட வேண்டாம். இன்ஜின் சூடான பிறகும் அது நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலிருக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நம் ஊரில் பாதி நேரம் காற்றுதான் குறைவு. சம்பா அறுவடையில், அறுப்பு மிஷின் ஓடும் வயலோரம், வைக்கோல் தூசிக்குள் ஒரு வாரம் போய் வந்தால் ஏர் ஃபில்டர் அடைத்துவிடும். ஆயில் கிண்ணம் உள்ள பழைய ஃபில்டரைத் திறந்து பாருங்கள், அடியில் களிமண் போல வண்டல் படிந்திருக்கும். அதைக் கழுவாமல், "வண்டி இழுக்கலை" என்று பம்பின் ஸ்க்ரூவைத் திருப்பி டீசலைக் கூட்டுகிறார்கள். நெல் மூட்டையோடு ரெண்டு நாள் நன்றாக இழுப்பது போலத் தெரியும். அந்தக் கூடுதல் டீசல் முழுதாக எரியாமல் கரியாகும், சைலன்சர் சூடேறும், ஆயில் சீக்கிரம் கெடும். புகைப் பரிசோதனையில் பழைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு (புகையின் அடர்த்தியை அளக்கும் அளவு). அங்கே தோற்ற பிறகு அதே ஸ்க்ரூவைத் திருப்பி இறக்குவார்கள்.

கிண்ணத்தைக் கழுவியபின் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றுவது இன்னும் மோசம். இன்ஜின் அதை உறிஞ்சி நீலப் புகை தள்ளும். அளவு மீறினால் சாவியை எடுத்தாலும் நிற்காமல் ஓடும். நீலப் புகை என்றதும் ரீபோர் (சிலிண்டரைக் கடைவது) என்று முடிவு செய்யும் முன், இந்தக் கிண்ணத்தையும் இன்ஜின் ஆயில் அளவையும் பார்த்துவிடுங்கள். காலையில் எடுத்ததும் ஒரு கொத்து நீலம் வந்து நின்றுவிட்டால் வால்வு சீலோ கைடோ தேய்ந்திருக்கலாம், அதோடு பல வருடம் ஓட்டலாம். ஓடும்போதெல்லாம் நீலம் வந்து, ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று ஆவியும் தள்ளினால்தான் ரிங்கு. அப்போதும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்காமல் ஹெட்டைத் திறக்க விடாதீர்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை உடனே அடிப்பது

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு, தண்ணீரில் நின்ற வண்டிகளைப் பலர் தண்ணீர் வடிந்ததும் சாவி போட்டுப் பார்த்தார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். முதலில் டிப் ஸ்டிக்கை இழுங்கள். ஆயில் மோர் போல இருந்தால் சாவியைத் தொடவே கூடாது. பேட்டரி வயரைக் கழற்றி, ஹீட்டர் பிளக்கையோ நாசிலையோ எடுத்துவிட்டு, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயில், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றி, டேங்கின் அடியிலிருக்கும் தண்ணீரை வடித்த பிறகுதான் சாவி போட வேண்டும்.

மழைக்கு முன் ஐப்பசியிலேயே டேங்கை நிரப்பி வைப்பது எங்கள் வீட்டில் இப்போது வழக்கம். பாதி காலியாக நிற்கும் டேங்கின் உள்சுவரில் ஈரம் வியர்த்து அடியில் தண்ணீராகச் சேரும். துருப்பிடித்த பேரலில் சேர்த்து வைத்த டீசலை ஊற்றுவதையும் நிறுத்திவிட்டோம். மாதம் ஒரு முறை ஃபில்டர் அடியிலிருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்துப் பார்க்கிறேன். தண்ணீர் இருந்தால் டம்ளரின் அடியில் தனியாக நிற்கும்.