விண்கலத்தில் மூன்று பேர்: ஒரு அறிவியல் தொடரைப் பார்த்து நாயகர்களை எழுதப் பழகுவது எப்படி?

அறிவியல் புனைகதை எழுத ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் கருவிகளைத்தான் எழுதுகிறார்கள். ஒளியை விட வேகமாகப் போகும் கலம், சுவரைத் துளைக்கும் கதிர், பேசும் கணினி. நாலு பக்கம் போனதும் ஒன்று தெரியவரும்: அந்தக் கலத்தில் இருக்கும் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கதை எழுதச் சொல்லிக்கொடுக்கும்போது நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். இதைச் சரிசெய்ய நல்ல வழி, ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரை எடுத்துக்கொண்டு அதன் நாயகர்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது.

இந்தப் பயிற்சிக்கு நான் எடுத்துக்கொள்வது ஸ்டார் ட்ரெக்கின் முதல் தொடர். 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவில் தொடங்கி 1969 வரை ஓடியது. மொத்தம் 79 அத்தியாயங்கள். இன்றைய கண்ணுக்கு அதன் பாறைகளும் சுவர்களும் அட்டையில் செய்தவை என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். அப்படி இருந்தும் நம்மைக் கட்டிப்போடுகிறது என்றால் அது பாத்திரங்களின் பலம்தான். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட வசதியான தொடர் கிடைக்காது.

தேவையானவை: ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரே ஒரு அத்தியாயம். முழுத் தொடரையும் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்காருவேன் என்று நினைக்காதீர்கள்.

முதல் படி: முடிவெடுக்கும் காட்சியைப் பிடியுங்கள்

எந்த அத்தியாயத்திலும் ஒரு நெருக்கடி வரும். கப்பல் தலைவர் கர்க் நடு நாற்காலியில் இருப்பார். ஒரு பக்கம் பாதி மனிதரும் பாதி வேற்றுக்கிரகவாசியுமான அதிகாரி ஸ்போக், இன்னொரு பக்கம் கப்பலின் மருத்துவர் டாக்டர் மெக்காய். அந்தக் காட்சியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள்.

நோட்டில் மூன்று பேருக்கும் ஒவ்வொரு பத்தி ஒதுக்கி, அவர்கள் செய்வதை மட்டும் எழுதுங்கள். "ஸ்போக் அமைதியானவர்" என்று எழுதினால் உங்களுக்கு அதனால் பயன் இல்லை. "தப்பிக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குச் சொல்கிறார்" என்று எழுதுங்கள். "மெக்காய் கோபக்காரர்" வேண்டாம். "சாகப்போகிறவனைப் பற்றிப் பேசு என்று கத்துகிறார்" என்று எழுதுங்கள். கர்க்குக்கு என்ன எழுதுவீர்கள்? "இரண்டு பேரையும் கேட்கிறார், பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்குப் பொறுப்பேற்கிறார்." குணத்தைச் சொல்லும் சொற்களை விட்டுவிட்டு வினைச்சொற்களை மட்டும் சேகரித்தால், பத்து நிமிடக் காட்சியிலேயே மூன்று ஆட்களும் தனித்தனியாகப் பிரிந்து நிற்பார்கள்.

இரண்டாம் படி: மூன்று பேரையும் ஒரே மனமாகப் பாருங்கள்

ஒருவர் அறிவு, ஒருவர் நெஞ்சு, நடுவில் இருப்பவர் முடிவு. ஒரு மனிதனுக்குள் நடக்கும் வாக்குவாதத்தை மூன்று உடம்பில் பிரித்து வைத்திருக்கிறார்கள். இப்படிக் கதைக்குக் கதை திரும்பி வரும் பாத்திர வடிவங்களைத்தான் ஆழ்படிமம் என்கிறார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் இந்தக் கருத்தை விரிவாக எழுதியவர். எழுதத் தொடங்குகிறவருக்கு அவருடைய கோட்பாடு இப்போதைக்குத் தேவையில்லை, நமக்குத் தெரிந்த கூத்து போதும்.

டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர் விடிய விடியத் தெருக்கூத்து ஆடினார்கள். அதில் துகிலுரியும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பீமன் கொதிக்கிறான், சூதாடிய அண்ணனின் கையை எரிக்க நெருப்புக் கொண்டுவரச் சொல்கிறான். அது நெஞ்சு. திரௌபதி சபையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறாள்: தன்னையே தோற்ற பிறகு என்னைப் பணயம் வைக்க அவருக்கு என்ன உரிமை? சபையில் யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி. அது அறிவு. முடிவெடுக்க வேண்டிய தருமன் தலைகுனிந்து பேசாமல் இருக்கிறான். நெஞ்சும் அறிவும் முழு வேகத்தில் இருந்தும் நடு நாற்காலி காலியாகக் கிடப்பதால்தான் அந்தக் காட்சி நம்மை இவ்வளவு பதற வைக்கிறது.

இந்த மூன்று இடங்களும் அமெரிக்கத் தொலைக்காட்சி கண்டுபிடித்தவை அல்ல. உங்கள் கதைக்கு அவற்றை எங்கிருந்தோ இரவல் வாங்குகிறோம் என்று கூச்சப்பட வேண்டாம்.

மூன்றாம் படி: ஒருவரை எடுத்துவிட்டுப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஒரு பாத்திரம் கதையில் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். தொடரின் எழுத்தாளர்களே இதை இரண்டு முறை அழகாகச் செய்திருக்கிறார்கள்.

முதலாவது, 1966 அக்டோபரில் வந்த 'தி எனிமி விதின்'. ஆட்களை இடம் மாற்றும் கருவி பழுதாகி, ஒரு கர்க் இரண்டு கர்க்காக வெளியே வருகிறார். ஒருவரிடம் கனிவு முழுக்க. இன்னொருவரிடம் வெறியும் மூர்க்கமும். பார்ப்பவர்கள் நல்லவர் பிழைத்தால் போதும் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் நேரம் போகப் போக அந்த நல்ல கர்க்கால் ஒரு சாதாரண உத்தரவு கூடப் போட முடியவில்லை. கீழே கிரகத்தில் கப்பல் அதிகாரி சூலுவும் மற்றவர்களும் குளிரில் விறைத்துக்கொண்டிருக்கிறார்கள், இவர் தடுமாறுகிறார். தலைவனின் உறுதி எந்த இடத்திலிருந்து வருகிறதோ, அவனுடைய ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது என்பதை வசனமாகச் சொல்லாமல் கதையாகவே காட்டுகிறார்கள். உங்கள் நாயகனிடம் குறையே இல்லாமல் எழுதியிருந்தால் இந்த அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

இரண்டாவது, 1967 ஜனவரியில் வந்த 'தி கலிலியோ செவன்'. ஏழு பேர் போன சிறு கலம் ஒரு கிரகத்தில் மாட்டிக்கொள்கிறது. பொறுப்பில் இருப்பவர் ஸ்போக். கர்க் மேலே தாய்க்கலத்தில். ஸ்போக் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் கணக்குப்படி சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கூட இருப்பவர்கள் அவரை வெறுக்கத் தொடங்குகிறார்கள். செத்துப்போனவனை அடக்கம் செய்ய நேரம் கேட்கிறார்கள். அந்த நேரம் ஆபத்தானது என்று இவருக்குத் தெரியும், அவர்களுக்கு அந்த அடக்கம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது புரியவில்லை. கடைசியில், மிச்சம் இருக்கும் எரிபொருளையெல்லாம் வெளியே விட்டுக் கொளுத்துகிறார். வானத்தில் ஒரு தீவட்டி. யாராவது பார்த்தால் உயிர், இல்லையென்றால் எல்லாம் முடிந்தது. மேலே தாய்க்கலத்தில் இருப்பவர்கள் பார்த்துவிடுகிறார்கள்.

நடு நாற்காலிக்கு வந்ததும் அறிவு தன் எல்லையைத் தாண்டி, நெஞ்சு செய்கிற காரியத்தைச் செய்ய வேண்டியதாயிற்று. ஆழ்படிமம் என்பது நம் ஆளை அடைத்து வைக்கும் கூண்டு கிடையாது. அவன் அதை விட்டு வெளியே வரும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவ்வளவு நேரம் அதற்குள் வைத்திருக்கிறோம்.

நான்காம் படி: நாற்காலியைக் கவனியுங்கள், ஆள் மாறுவார்

தொடருக்கான முதல் மாதிரி அத்தியாயத்தில் உணர்ச்சி காட்டாத ஆள் ஸ்போக் இல்லை. கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரியான ஒரு பெண். ஸ்போக் அதில் சிரிக்கவே செய்கிறார். அந்தப் பெண் பாத்திரம் கைவிடப்பட்டபோது அவளுடைய நிதானம் ஸ்போக்கிடம் போய்ச் சேர்ந்தது. 1987இல் தொடங்கிய அடுத்த தொடரில் மனிதர்களை வெளியே நின்று கவனிக்கும் அந்த இடத்துக்கு டேட்டா என்ற இயந்திர மனிதன் வந்தான். பிறகு வந்த ஸ்டார் ட்ரெக் வாயேஜர் தொடரில் செவன் ஆஃப் நைன் என்ற பெண் வந்தாள். ஸ்போக் தன்னில் பாதியாக இருக்கும் மனிதத்தை அடக்கப் பார்க்கிறார், டேட்டா மனிதனாக ஏங்குகிறான். ஒரே நாற்காலி, எதிரெதிர் ஆசை. உங்கள் பாத்திரத்துக்கு இடம் கிடைத்தவுடன் "இவனுக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். அங்கேதான் அவன் மற்றவர்களிடமிருந்து பிரிவான்.

ஐந்தாம் படி: முத்திரையை ஆழ்படிமம் என்று எண்ணிவிடாதீர்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். தென்னாப்பிரிக்காவில் இருந்து எழுதுகிறவருக்கு இந்தப் படி மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம்.

கப்பலின் தகவல் தொடர்பு அதிகாரி உஹுரா. நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு கறுப்பினப் பெண் அதிகாரியாக உட்கார்ந்திருப்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். முதல் பருவம் முடிந்ததும் அவர் விலக நினைத்தார். அப்போது மார்ட்டின் லூதர் கிங் தன்னைப் பார்த்து, போகாதே என்று சொன்னதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1968 நவம்பரில் கர்க்கும் உஹுராவும் முத்தமிடும் காட்சி ஒளிபரப்பானது. அந்த வருடம் நம் நாட்டில் தொலைக்காட்சியே கிடையாது, 1976 ஜனவரியில்தான் நாடு முழுவதற்குமான ஒளிபரப்பு வந்தது. அப்படி ஒரு காதல் நிஜத்தில் இங்கே நடந்திருந்தால் சிறை. கலப்பு மணத் தடைச் சட்டம் 1985 வரை இருந்தது.

இவ்வளவு மதிப்போடும் உஹுராவைப் பார்த்துவிட்டு, முதல் படியில் செய்த வினைச்சொல் பயிற்சியை அவருக்கும் செய்து பாருங்கள். பெரும்பாலான அத்தியாயங்களில் அவர் பத்தியில் ஒரே வரிதான் நிற்கும்: "செய்தி வந்திருக்கிறது என்று சொல்கிறார்." முடிவும் அவர் கையில் இல்லை, வாக்குவாதத்திலும் அவருக்கு இடம் இல்லை. 1967இல் வந்த 'மிரர், மிரர்' அத்தியாயத்தில் மட்டும் பாருங்கள்: கொடூரமான வேறொரு உலகத்துக் கப்பலில், பயந்துகொண்டே போய் எதிரியின் கவனத்தைத் திருப்புகிறார், பிறகு கத்தியை உருவி அவனைத் தள்ளி நிறுத்துகிறார். அந்த அத்தியாயத்தில் அவர் பத்தி நிரம்பிவிடும். அவருக்கு எப்போதும் அப்படி எழுதியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முத்திரை, இவர் யார் என்று மட்டும் சொல்லும்: இன்ன நிறம், இன்ன நாடு, இன்ன பேச்சு. ஆழ்படிமம், இவர் என்ன செய்வார் என்று சொல்லும். நம் முன்னோரைக் கொண்டுவந்த கப்பல்களின் பதிவேடுகளைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். எண், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். அந்த ஆள் என்ன செய்யக்கூடியவர் என்பதற்கு அதில் இடமே இல்லை. பிறகு 1950இன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் நாட்டில் ஒவ்வொருவரையும் இன வகைக்குள் போட்டது. இப்படி வகைப்படுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம் கதைக்குள் ஒரு ஜூலு இளைஞனோ ஒரு தமிழ்ப் பாட்டியோ வரும்போது பதிவேட்டு வரியாக மட்டும் வரக்கூடாது.

ஆறாம் படி: இப்போது நீங்கள்

சரி, எழுதிப் பார்ப்போம். நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்த ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகம் சேர்ந்தது. 2060இல், அதன் 200ஆம் ஆண்டில், அதே பெயரில் ஒரு விண்கலம் வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவுக்கு ஒப்பந்த வேலையாட்களைக் கொண்டு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் அறுபது பேர். தண்ணீரும் அறுபது பேருக்குத்தான். வழியில், பட்டியலில் இல்லாத ஒரு பிள்ளை சரக்கறையில் கிடைக்கிறது.

மூன்று ஆட்கள் வேண்டும். எல்லாரும் எதிர்பார்ப்பது பொறியாளர் அறிவு, பாட்டி நெஞ்சு. மாற்றிப் போடுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மக்கள் பல மாதங்கள் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். அப்போது இளம்பெண்ணாக இருந்து வாளிக் கணக்கில் குடும்பத்துக்குத் தண்ணீர் பங்கிட்ட ஒருத்தி, 2060இல் ஆயா, அதாவது பாட்டி, ஆகியிருப்பாள். கணக்கு அவளிடம் இருக்கட்டும்.

"தண்ணி அறுபது பேருக்கு. இப்ப அறுபத்தொண்ணு. ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு குறையும்னு முதல்ல பாருங்க," என்றாள் ஆயா.

"பிள்ளை நடுங்குது ஆயா! கணக்கு அப்புறம் பார்க்கலாம், அதுக்குக் குடிக்கக் குடுங்க," என்றான் பொறியாளர் சிவா.

தலைவி கோகிலா பட்டியலைத் திறந்தாள். எண் போட வேண்டிய கட்டத்தில் பிள்ளையின் பெயரை எழுதினாள். "என் பங்கிலிருந்து எடுங்க ஆயா. நாளைக்கு எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்."

கவனித்தீர்களா, மூவரில் யாருக்கும் நான் குண வர்ணனை எழுதவில்லை. கோகிலாவின் முடிவில் ஆயாவின் கணக்கும் இருக்கிறது, சிவாவின் பதற்றமும் இருக்கிறது. அடுத்த காட்சியில் தண்ணீர் உண்மையாகவே தீரத் தொடங்கினால் ஆயா தன் கணக்கை விட்டு வெளியே வர வேண்டியிருக்கும். அதை நீங்கள் எழுதுங்கள்.

ஏழாம் படி: பெயரை மறைத்துச் சோதியுங்கள்

எழுதியதை வேறொருவரிடம் கொடுப்பதற்கு முன் பேசுகிறவர்களின் பெயர்களை எல்லாம் மறைத்துவிடுங்கள். "ஆயா", "தம்பி" போன்ற விளிகளையும் மறைக்க வேண்டும், இல்லையென்றால் அவை காட்டிக்கொடுத்துவிடும். படிக்கிறவர் எந்த வரி யாருடையது என்று சொல்லிவிட்டால் பாத்திரங்கள் நிற்கின்றன. இரண்டு பேரின் வரிகளை அவர் மாற்றிச் சொன்னால், அந்த இருவரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறீர்கள். ஒருவரை எடுத்துவிடுங்கள், அல்லது அவருக்கு வேறு ஆசையைக் கொடுத்து முதல் படியிலிருந்து வினைச்சொற்களை மறுபடி எழுதுங்கள்.