வென் படத்தில் எங்கே சறுக்குகிறோம்?

"எல்லா வௌவால்களும் பாலூட்டிகள். சில பாலூட்டிகள் பறக்கும். ஆகவே, சில வௌவால்கள் பறக்கும்." இந்த வாதம் செல்லுமா?

செல்லும் என்றுதான் சட்டென்று சொல்லத் தோன்றும். அந்தி சாய்ந்தால் தலைக்கு மேலேயே வௌவால் பறக்கிறதே! ஆனால் வௌவாலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் யானையை வைத்துப் படியுங்கள். எல்லா யானைகளும் பாலூட்டிகள், சில பாலூட்டிகள் பறக்கும், ஆகவே சில யானைகள் பறக்கும். வாதத்தின் அமைப்பு அப்படியேதான் இருக்கிறது. முடிவு உண்மையா என்பது வேறு. கொடுத்த கூற்றுகளிலிருந்து அது வந்தே தீருமா என்பது வேறு. ஒவ்வொரு வகையையும் ஒரு வட்டமாக வரைந்து வாதத்தைச் சோதிக்கும் வென் படம் பதில் சொல்வது இரண்டாவது கேள்விக்கு மட்டும்தான். நமக்குத் தெரிந்ததையெல்லாம் படத்துக்குள் கொண்டுவருவதே தவறுகளில் பெரியது; மற்றவை பலவும் அதிலிருந்து கிளைப்பவை.

வௌவால் வட்டத்தைப் பாலூட்டி வட்டத்துக்குள் போட்டுத் தொடங்குகிறவர்கள் உண்டு. 1768-இல் வெளியான கடிதங்களில் கணித அறிஞர் ஆய்லர் காட்டிய வழி அது. சிக்கல் மூன்றாவது வட்டத்தில் வரும். 'பறப்பவை' வௌவாலைத் தொட வேண்டுமா, கூடாதா? கூற்று எதுவும் சொல்லவில்லை; ஆனாலும் கை ஏதோ ஓரிடத்தில் வரைந்தாக வேண்டும். 1880-இல் தருக்க அறிஞர் ஜான் வென் இதற்கு வழி கண்டார். மூன்று வட்டங்களையும் ஒன்றையொன்று வெட்டும்படி முதலிலேயே வரைந்துவிடுங்கள். 8 பகுதிகள் கிடைக்கும் (வெளிப்புறமும் சேர்த்து). அந்தப் படம் இன்னும் எதையும் சொல்லவில்லை. கூற்றுகள் சொல்வதை மட்டும் பிறகு குறிக்கிறோம்.

நிழலிட்ட பகுதியில் எதுவும் இல்லை. பெருக்கல் குறி போட்ட பகுதியில் குறைந்தது ஒன்று இருக்கிறது. இரண்டும் இல்லாத வெற்றிடத்துக்குப் பொருள் 'தெரியாது' என்பதே. அதை 'இல்லை' என்று படிக்கிறவர்கள் மிகப் பலர்.

இப்போது வௌவாலுக்கு வருவோம். பாலூட்டிக்கு வெளியே நிற்கும் வௌவால் பகுதி முழுவதையும் நிழலிடுங்கள். அடுத்து 'சில பாலூட்டிகள் பறக்கும்'. பாலூட்டியும் பறப்பவையும் சேரும் இடத்தை வௌவால் வட்டத்தின் கோடு இரண்டாகப் பிரிக்கிறது. குறியை எந்தப் பாதியில் போடுவது? எதிலும் போடக்கூடாது, கோட்டின் மேலேயே போட வேண்டும். அப்படிப் போட்டால் படம் சரியாகவே பதில் தரும்: பறக்கும் வௌவால் இருக்கலாம், இருந்தே தீர வேண்டும் என்றில்லை. வாதம் செல்லாது.

வரிசையும் முக்கியம். "சில மாணவர்கள் ஓட்டுநர்கள். எல்லா ஓட்டுநர்களும் உரிமம் பெற்றவர்கள்." முதல் கூற்றை முதலில் வரைந்தால் குறி கோட்டில் போய் உட்காரும். இரண்டாவதை முதலில் நிழலிட்டால் ஒரு பாதி அடைபட்டுப்போகும். குறிக்கு உரிமத்துக்குள் இருக்கும் பாதி மட்டுமே மிஞ்சும். சில மாணவர்கள் உரிமம் பெற்றவர்கள் என்பது தானாகத் தெரியும். எனவே 'எல்லாம்', 'எதுவுமில்லை' முதலில், 'சில' பிறகு. முடிவைப் படத்தில் வரையவே வேண்டாம், அது ஏற்கெனவே அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

'சிலர் தேறினார்கள்' என்றதும் 'சிலர் தேறவில்லை' என்று இன்னொரு குறி போடுவதும் தவறு. தருக்கத்தில் 'சில' என்றால் குறைந்தது ஒன்று, எல்லாருமே தேறியிருக்கலாம்.

"நூலகப் புத்தகத்தைத் தொலைப்பவர்கள் எல்லாரும் அபராதம் கட்டுவார்கள்" என்பதிலிருந்து யாரோ தொலைத்திருக்கிறார் என்று ஆகாது. மரபுத் தருக்கம் ஒவ்வொரு வகையிலும் யாராவது இருப்பதாக எடுத்துக்கொண்டு, இப்படி இரண்டு கூற்றுகளிலிருந்து ஒரு முடிவுக்கு வரும் வாதங்களில் 24 வடிவங்களைச் செல்லும் என்றது. அந்த அனுமானத்தை விட்டுவிட்டால் 15 மட்டுமே நிற்கும். வங்கித் தேர்வு எழுதுவோர் மட்டும் இங்கே கவனமாக இருக்க வேண்டும்: அங்கே 'எல்லா அ-வும் ஆ' என்றால் 'சில அ ஆ' என்பதையும் சரியான விடையாகவே ஏற்பது வழக்கம்.